ஆங்கில அறிக்கையில் வாக்கியங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்கிறார்கள்: எதைத் திருத்த வேண்டும்?

கேள்வி: கண்மாய்க்கரை, திருமங்கலம்

அனைவருக்கும் வணக்கம். திருமங்கலம் வட்டாரத்தில் கண்மாய்களைத் தூர்வாரிச் செப்பனிடும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக வேலை செய்கிறேன். ஊர்ப் பெரியவர்களிடமும் ஆயக்கட்டு எனப்படும் பாசன நிலத்து விவசாயிகளிடமும் பேசித் தகவல் திரட்டுவதும், அதை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதி நிதி வழங்குவோருக்கு அனுப்புவதும் என் பொறுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் என்பதால் தொடக்கத்தில் இலக்கணமே பெரும்பாடாக இருந்தது. நான்கு ஆண்டுப் பழக்கத்தில் அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிட்டது.

இப்போது வேறொரு குறை சொல்கிறார்கள். சென்ற மாதம் அனுப்பிய அறிக்கை, "ஒவ்வொரு வாக்கியமும் பிழையின்றி இருக்கிறது, ஆனால் கொஹீஷனும் இல்லை, கொஹீரன்ஸும் இல்லை" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அகராதியைப் புரட்டினால் இரண்டு சொல்லுக்கும் ஏறத்தாழ ஒரே பொருள்தான் கிடைக்கிறது. இணைப்புச் சொற்கள் போதவில்லை போலும் என்று எண்ணி, கல்லூரியில் மனப்பாடம் செய்த பட்டியலிலிருந்து மோர்ஓவர், ஹௌஎவர், ஃபர்தர்மோர், தேர்ஃபோர் ஆகியவற்றை ஆங்காங்கே சேர்த்து மீண்டும் அனுப்பினேன். முன்னைவிடக் குழப்பமாக இருக்கிறது என்று பதில் வந்தது.

அந்தப் பத்தியின் கருத்தைத் தமிழில் தருகிறேன். இணைப்புச் சொற்களையும், கண்மாயைக் குறிக்க நான் எழுதிய ஆங்கிலப் பெயர்களையும் மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். மடை என்பது வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் வழி, உள்வாய் என்பது கண்மாயின் உட்பரப்பு, கடைமடை என்பது கடைசி மடை.

"எங்கள் டேங்க்கில் மூன்று மடைகள் உள்ளன. மோர்ஓவர், உள்வாயில் சீமைக்கருவேல் அடர்ந்துள்ளது. ஹௌஎவர், ரிசர்வாயரின் ஆயக்கட்டில் நெல் பயிரிடப்படுகிறது. ஃபர்தர்மோர், லேக்கில் வண்டல் மேடிட்டுள்ளது. தேர்ஃபோர், கடைமடை வயல்களுக்கு வாட்டர் பாடியிலிருந்து தண்ணீர் சேர்வதில்லை."

இதில் மிகை எதுவும் இல்லை. எல்லாமே நான் கண்ணால் பார்த்தவை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்ததால், கண்மாயின் பெயரை மாற்றி மாற்றி எழுதினேன். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதுதான் கோளாறா? கடைமடைக்காரர்களுக்கு வந்து சேர வேண்டிய உதவி என் எழுத்தின் குறையால் தவறிப்போகக் கூடாது என்ற கவலையில் கேட்கிறேன்.

பதில்: செல்லூர் ஆசிரியர்

வணக்கம் அம்மா. கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பத்தியை இருமுறை படித்தேன். நீங்கள் கூர்ந்து பார்க்கிறவர் என்பது அதிலேயே தெரிகிறது. பார்த்தவற்றை அடுக்கிய முறையில்தான் சிக்கல்.

முதலில் அந்த இரண்டு சொற்கள். கொஹீஷன் என்பதை நான் வகுப்பில் 'பிணைப்பு' என்று சொல்வேன். ஒரு வாக்கியம் தனக்கு முந்தைய வாக்கியத்தை எந்தச் சொல்லால் பற்றிக்கொண்டிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால், அது பிணைப்பு. கொஹீரன்ஸ் என்பதற்குப் 'பொருளியைபு' என்று சொல்லலாம். பத்தி முழுவதும் ஒரே செய்தியை நோக்கி நடக்கிறது என்று படிப்பவர் மனத்தில் உண்டாகும் உணர்வு அது. தாளில் அதை விரல் வைத்துக் காட்ட முடியாது. அடுப்பில் பால் பொங்குகிறது என்று கூடத்திலிருந்து ஒருவர் சொல்ல, "கையெல்லாம் மாவு" என்று பதில் வருகிறது. இரண்டையும் பிணைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. ஆயினும் நாம்தான் எழுந்துபோய் அடுப்பை அணைக்க வேண்டும் என்பது முதலில் பேசியவருக்குப் புரிந்துவிடுகிறது. பிணைப்பு இல்லாமலேயே பொருளியைபு அமைந்த இடம் இது. உங்கள் பத்தியில் நிலைமை தலைகீழ்: பிணைக்கும் சொற்கள் வரிக்கு வரி நிற்கின்றன, பிணைக்கப்படும் பொருள் இல்லை.

ஆங்கிலத்தில் பிணைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஹாலிடே, ருகையா ஹசன் என்னும் மொழியியலாளர்கள் 1976இல் வெளியிட்ட நூலில் ஐந்து வகையாகப் பிரித்துக் காட்டினார்கள்: முன் சொன்னதைச் சுட்டுவது, ஒன்றுக்குப் பதிலாக இன்னொரு சொல்லை வைப்பது, தெரிந்ததை விட்டுவிடுவது, இணைப்புச் சொல்லால் தொடுப்பது, ஒரே சொல்லையோ உறவுடைய சொற்களையோ மீண்டும் ஆள்வது. இணைப்புச் சொல் ஐந்தில் ஒன்று. நம் வகுப்பறைகளில் அந்த ஒன்றை மட்டும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு மற்ற நான்கையும் விட்டுவிடுகிறோம். இந்தக் குறையில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மேலும், ஒவ்வோர் இணைப்புச் சொல்லும் படிப்பவருக்கு ஒரு வாக்குறுதி தருகிறது. மோர்ஓவர் என்றால், இப்போது சொன்ன கருத்துக்கே இன்னும் வலுவான ஒரு சான்று வரப்போகிறது என்று பொருள். மூன்று மடைகள் இருக்கின்றன என்பதற்குச் சீமைக்கருவேல் எப்படிச் சான்றாகும்? ஹௌஎவர் என்றால், எதிர்பார்ப்புக்கு மாறான ஒன்று வருகிறது என்று பொருள். வாக்குறுதி தந்து தந்து ஏமாற்றினால், ஐந்தாம் வரியில் உண்மையான தேர்ஃபோர் வரும்போதுகூடப் படிப்பவர் நம்ப மாட்டார்.

அப்படியானால் எதைக் கொண்டு பிணைப்பது? படிப்பவர் கையில் ஏற்கெனவே இருப்பதைக் கொண்டு வாக்கியத்தைத் தொடங்குங்கள். புதிதாகச் சொல்ல வேண்டியதை இறுதியில் வையுங்கள். பிராக் நகரத்து மொழியியலாளர்கள், சிறப்பாக விலெம் மத்தேசியுஸ், கடந்த நூற்றாண்டின் முற்பாதியிலேயே இதை ஆராய்ந்தார்கள். 1990இல் கோபன், ஸ்வான் என்னும் இருவர் அமெரிக்க அறிவியல் இதழொன்றில் எழுதிய கட்டுரையில் இதையே நடைமுறைக்கு உதவும்படி விளக்கினார்கள்: ஆங்கிலம் படிப்பவர் வாக்கியத்தின் தொடக்கத்தில் பழைய தொடர்பைத் தேடுகிறார், முடிவில் அழுத்தத்தை எதிர்பார்க்கிறார்.

நமக்கு இது புதிதன்று. அபிராமி அந்தாதியில் முதற் பாட்டு 'துணையே' என்று முடிய, இரண்டாம் பாட்டு 'துணையும்' என்று தொடங்குகிறதல்லவா? அதே முறைதான். நீங்கள் கண்மாய் வேலையில் இருப்பவர் என்பதால் வேறு விதமாகவும் சொல்லலாம்: மேல் கண்மாய் நிரம்பியதும் உபரிநீர் போகும் கலுங்கில் வழிவது கீழ்க் கண்மாய்க்கு வரத்தாவது போல, ஒரு வாக்கியத்தின் கடைசியில் வழிவதை அடுத்த வாக்கியத்தின் தலைப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் பத்தியை அவ்வாறு மாற்றிப் பார்த்தேன்:

"இந்த டேங்க்கின் தண்ணீர் மூன்று மடைகள் வழியாக வயல்களுக்குப் போகிறது. மூன்றில் கடைசி மடையின் வயல்களுக்கு இப்போது தண்ணீர் சேர்வதில்லை. சேராததற்குக் காரணம் உள்வாயில் மேடிட்டுவிட்ட வண்டல். இந்த வண்டலால் டேங்க்கில் தேங்கும் நீர் குறைந்து, முதல் இரண்டு மடைகளின் பாசனத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அந்த மேட்டின்மீது சீமைக்கருவேலும் அடர்ந்துவிட்டதால், வண்டலை ஊர்க்காரர்கள் தாங்களே வெட்டி அள்ள முடியவில்லை."

இணைப்புச் சொல் என்று பட்டியலில் உள்ள ஒன்றைக்கூட நான் ஆளவில்லை. எல்லாப் பிணைப்பும் மடை, தண்ணீர், வண்டல் என்னும் பெயர்ச்சொற்களிலேயே அமைந்துவிட்டது. நெல்லைப் பற்றிய வாக்கியம் எங்கே பொருந்தும் என்று எனக்குத் தெரியாததால் விட்டுவிட்டேன்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செயப்பாட்டு வினையை அறவே தவிர்க்க வேண்டும் என்று உங்களுக்கு யாரேனும் சொல்லியிருந்தால் அதை அப்படியே ஏற்க வேண்டாம். தமிழில் 'கடைசி மடையை நீர்ப்பாய்ச்சி (வயல்களுக்கு நீர் பாய்ச்சும் ஊழியர்) திறப்பார்' என்று, ஐ உருபின் துணையால் மடையை முன்னே கொண்டுவந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு ஐ போன்ற உருபு இல்லை, இடம்தான் வேற்றுமை. எனவே மடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது 'தி லாஸ்ட் ஸ்லூயிஸ் இஸ் ஓப்பண்ட் பை தி நீர்ப்பாய்ச்சி' என்று எழுதுவதே சரி. பழையதை முன்னே நிறுத்துவது, ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைக்கு உள்ள முதன்மையான வேலைகளுள் ஒன்று.

பதில்: கே.கே. நகர் பயிற்சியாளர்

ஐயா சொன்னதோடு ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். ஐ.இ.எல்.டி.எஸ். என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் பயிற்சி அளிக்கிறேன். அதன் எழுத்துத் தாளில் கொஹீரன்ஸும் கொஹீஷனும் சேர்ந்து நான்கு அளவுகோல்களுள் ஒன்று. மதிப்பில் கால் பங்கு. இதனால்தான் மாணவர்கள் 250 சொல் கட்டுரையில் பதினைந்து இணைப்புச் சொற்களைத் திணிக்கிறார்கள். ஆனால் மிக உயர்ந்த மதிப்பெண்ணான ஒன்பதுக்குரிய விளக்கம் கேட்பதோ, பிணைப்பு படிப்பவரின் கவனத்தை மிக அரிதாகவே இழுக்க வேண்டும் என்பதே.

என் மாணவர்களுக்குத் தரும் பயிற்சி எளிது. எழுதி முடித்ததும், ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் நான்கைந்து சொற்களை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதச் சொல்வேன். அந்த வரிசையைப் படித்தாலே பத்தி எதைப் பற்றியது என்று தெரிய வேண்டும். சகோதரி, உங்கள் பத்தியின் வரிசை இது: எங்கள் டேங்க், மோர்ஓவர் உள்வாய், ஹௌஎவர் ரிசர்வாயர், ஃபர்தர்மோர் லேக், தேர்ஃபோர் கடைமடை. இதைப் பார்க்கிறவருக்கு ஊரில் மூன்று நீர்நிலைகள் இருப்பதாகத் தோன்றும்.

பதில்: மொழிபெயர்ப்பாளர், திருப்பரங்குன்றம்

செல்லூர் ஐயாவின் கருத்துகளில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடே. ஆனால் பெயர்களை மாற்றி எழுதிய பழக்கத்தை இன்னும் அழுத்தமாகக் கண்டிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்; ஏனெனில் இதன் வேர் நம் பள்ளிக்கூடத் தமிழில் இருக்கிறது. பவணந்தியார் நன்னூலில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது 'கூறியது கூறல்' என்பதையும் சேர்த்தார். அவர் விலக்கியது சொன்ன கருத்தையே பயனின்றி மீண்டும் சொல்வதை. அதை நாம், சொன்ன சொல்லை மீண்டும் சொல்லக் கூடாது என்று தவறாகச் சுருக்கிக்கொண்டோம். அறிக்கையில் பெயர் மாறினால் பொருளும் மாறிவிட்டது என்றுதான் அயலார் கொள்வார்கள். டேங்க் என்று தொடங்கினால் கடைசி வரி வரை டேங்க்தான். அந்தச் சொல்லையும் முதல் முறை வரும்போது, மண் கரை கட்டி மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்கும் பாசன நீர்நிலை என்று ஒரு தொடரில் விளக்கிவிடுங்கள். அரசு ஆவணங்களில் நெடுங்காலமாக வழங்கும் சொல்லாயினும், வெளியூர்க்காரர் மொட்டைமாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளக்கூடும்.

அதே பத்துக் குற்றங்களுள் 'மற்றொன்று விரித்தல்' என்பதும் உண்டு. எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது. பொருளியைபு குலைவதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியாது. சூத்திரங்கள் ஒன்றையடுத்து ஒன்று நிற்கும் முறைக்கும் நன்னூல் நான்கு உவமைகள் தருகிறது: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. உங்களுடையது தவளைப் பாய்ச்சல். அறிக்கைக்கு வேண்டியது ஆற்றொழுக்கு. நீண்ட அறிக்கையில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும், சிங்கம் நடந்துகொண்டே முன்னும் பின்னும் பார்ப்பது போல, கடந்ததையும் வரப்போவதையும் ஒரு வாக்கியத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழில் யோசிப்பது கோளாறா என்று கேட்டீர்கள். யோசிப்பதில் கோளாறு இல்லை. ஆனால் தமிழில் பிணைப்பைத் தாங்கும் சிறு உறுப்புகள் பல, ஆங்கிலத்துக்குப் போகும் வழியில் உதிர்ந்துவிடுகின்றன. 'சீமைக்கருவேலும் அடர்ந்துவிட்டது' என்னும்போது அந்த 'உம்' ஒன்றே, இதற்கு முன் வேறொரு தொல்லை சொல்லப்பட்டிருக்கிறது என்று உணர்த்திவிடுகிறது. 'வண்டல்தான் காரணம்' என்பதில் உள்ள 'தான்', மற்றக் காரணங்களை விலக்குகிறது. நாம் இவற்றைச் சொற்கள் என்றே கருதாததால், ஆங்கிலத்தில் எழுதும்போது விட்டுவிட்டு, அந்த வெற்றிடத்தை மோர்ஓவரால் நிரப்புகிறோம். உம் இருந்த இடத்தில் ஆல்ஸோ, ஈவன் போன்ற சிறு சொற்கள் போதும். தான் இருந்த இடத்தில் பெரும்பாலும் சொல்லைவிட வாக்கியத்தின் முடிவிடமே உதவும்.

எ, தி ஆகியவற்றிலும் கவனம் தேவை. 'ஒரு ஊரிலே ஒரு ராஜா. அந்த ராஜாவுக்கு மூன்று பிள்ளைகள்' என்று பாட்டி கதை தொடங்கும்போது 'ஒரு' அறிமுகம் செய்கிறது, 'அந்த' பற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் எ என்பதும் தி என்பதும் பெரும்பாலும் செய்வது அதையே. 'திஸ்' என்று தனியே எழுதி நிறுத்தாமல் 'திஸ் சில்ட்' (இந்த வண்டல்) என்று பெயரையும் சேர்த்து எழுதினால், எதைச் சுட்டுகிறீர்கள் என்ற ஐயம் எழாது.

இணைப்புச் சொற்களை அடியோடு ஒதுக்க வேண்டும் என்ற எண்ணம் செல்லூர் ஐயாவின் பதிலைப் படிப்பவர்களுக்கு வந்துவிடக் கூடாது. வாதம் திரும்பும் இடத்தில், படிப்பவர் ஒன்றை எதிர்பார்த்திருக்க நாம் வேறொன்றைச் சொல்லும் இடத்தில், ஹௌஎவரை விட்டுவிட்டால் அவர் நம்மோடு திரும்பாமல் நேரே போய்விடுவார்.

கேட்டவர்: கண்மாய்க்கரை, திருமங்கலம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முதற்சொற்களை வரிசையாக எழுதும் பயிற்சியை அறிக்கையின் பதினோரு பக்கங்களுக்கும் செய்து பார்த்தேன். கண்மாய்க்கு நான் ஐந்து பெயர்கள் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஆசிரியர் ஐயா விட்டுவிட்ட நெல் வாக்கியத்தைப் பற்றி ஒரு விளக்கம். அதை ஏன் எழுதினேன் என்று நேற்று முழுவதும் யோசித்தேன். முன்பு ஆயக்கட்டு முழுவதும் நெல்தான். இப்போது முதல் இரண்டு மடைகளில் மட்டுமே நெல். கடைமடைக்காரர்கள் சோளத்துக்கும் பருத்திக்கும் மாறிவிட்டார்கள், சிலர் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். இது என் மனத்தில் இருந்தது. தாளில் 'நெல் பயிரிடப்படுகிறது' என்று மட்டும் வந்திருக்கிறது. அந்த வாக்கியத்தை நீக்குவதா, விரிப்பதா? விரித்தால் மற்றொன்று விரித்தல் ஆகிவிடுமா?

பதில்: செல்லூர் ஆசிரியர்

நீக்கவே நீக்காதீர்கள் அம்மா. நீங்கள் சொல்லாமல் விட்டதுதான் அந்தப் பத்தியின் உயிர். படிப்பவர் ஏன் பணம் தர வேண்டும் என்ற கேள்விக்கு விடை, வண்டலிலும் இல்லை, சீமைக்கருவேலிலும் இல்லை. நெல்லை விட்டுவிட்டு ஊரை விட்டுப் போனவர்களிடம் இருக்கிறது. பிணைப்பைச் சரிசெய்யும் அவசரத்தில், பொருந்தவில்லை என்று அதை நான் ஒதுக்கியது பிழை. பிணைப்பை வெளியாள் திருத்தலாம், பொருளியைபை எழுதியவர்தான் திருத்த முடியும் என்று வகுப்பில் சொல்லி வந்தவன் நான். அதை இங்கே மறந்துவிட்டேன்.

மொழிபெயர்ப்பாளர் ஹௌஎவர் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். அதற்கு உரிய இடம் இப்போது உங்கள் பத்தியிலேயே கிடைத்துவிட்டது. இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"இந்த டேங்க்கின் ஆயக்கட்டு முழுவதும் முன்பு நெல் விளைந்தது. ஹௌஎவர், இன்று நெல் விளைவது முதல் இரண்டு மடைகளின் வயல்களில் மட்டுமே. கடைசி மடையின் விவசாயிகள் சோளத்துக்கும் பருத்திக்கும் மாறிவிட்டார்கள். சிலர் நிலத்தைத் தரிசாக விட்டு வெளியூர் போய்விட்டார்கள். அவர்கள் நெல்லைக் கைவிட்டதற்குக் காரணம், அந்த மடைக்குத் தண்ணீர் வந்து சேராதது."

இதன் பிறகு வண்டலும், வண்டலின் மேல் சீமைக்கருவேலும் முன்பு எழுதிய வரிசையிலேயே வரட்டும். முதல் வாக்கியத்தில் நெல் என்று நின்ற பொருள், கடைசி வாக்கியத்தில் தூர்வாரும் செலவாக வந்து முடியும். இடையில் படிப்பவர் எங்கும் தாண்டிக் குதிக்க வேண்டியிருக்காது. மற்றொன்று விரித்தல் ஆகுமா என்ற ஐயம் எழும் ஒவ்வோர் இடத்திலும், தண்ணீர் ஏன் சேரவில்லை, சேராததால் யாருக்கு என்ன ஆயிற்று என்னும் இரண்டு கேள்விகளை அந்த வாக்கியத்திடம் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு விடை சொன்னால் அது பத்தியில் இருக்கலாம். மடைகளின் நீள அகலம், கண்மாய் வெட்டிய வரலாறு போன்றவை வேறு பகுதிக்குப் போகட்டும்.

திருத்திய பத்தியை அனுப்பும் முன் இங்கே ஒருமுறை இடுங்கள். எ, தி இரண்டையும் நான் பார்த்துத் தருகிறேன்.